சிவப்பு மட்டை யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குத் தொழிற்சாலை பஸ் தாமான் குடியிருப்பின் முனையில் நின்றபோது காளியப்பன் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஹாரனை ஒருமுறை அடித்தார். அதற்குத்தான் கண் திறந்தது. பையைத் தோளில் மாட்டும்போது வலது முழங்கையிலிருந்து சின்ன விரல் வரைக்கும் ஒரு கம்பி இழுபட்டது போலிருந்தது. பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கினார்.

ஐந்து இரவுகள் முடிந்திருந்தன. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவர் ஆபரேட்டர். மாலை ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிக்கு வெளியே. அங்கே வேலை என்பது நடப்பதும் திருகுவதும்தான். ஒரு சுற்று நடக்க நாற்பது நிமிடம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் இருபது வால்வாவது கையால் திறந்து மூடவேண்டும். இருபத்தாறு வருடமாகத் திருகிய கை அது. முன்பு நான்கு குழுக்களாக இருந்தவர்களை இப்போது மூன்றாக்கிவிட்டார்கள். சுற்று அதேதான். நடக்கிற ஆள்தான் குறைந்துபோனான்.

வலி தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம்தான் கிளினிக்குக்குப் போனார். சீன டாக்டர் முழங்கையை இரண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "டென்னிஸ் எல்போ" என்றார்.

"நான் டென்னிஸ் ஆடினதே இல்லை டாக்டர்."

"வால்வு திருகுறவங்களுக்கும் அதே பேர்தான். ஆறு வாரம் கைக்கு ஓய்வு கொடுங்க. வேலையை நிறுத்த முடியாதுன்னா பிக்கல்பால் ஆட்டத்தை நிறுத்துங்க. இல்லாட்டி உங்க பேடல் மட்டையையாவது மாத்திப் பாருங்க. லேசா, அதிர்வு கம்மியா இருக்கிற மாதிரி."

அந்த மூன்றாவது பேச்சைத்தான் காளியப்பன் பிடித்துக்கொண்டார். முதல் இரண்டையும் மனைவி பிரேமலாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்குமேல் தட்டி ஆடும் பிக்கல்பாலை ஆடத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாரத்தில் ஒருநாள்தான் ஆடுவார், அதுவும் இரண்டு மூன்று ஆட்டம். ஆனால் அந்த ஒருநாள் இன்றைக்கு ஆட்டம் கண்டிருந்தது. மேலாளர் ஸம்ரி நேற்றிரவு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த ஆறு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இரவுகளுக்கும் ஆள் வேண்டும். வருகிறாயா இல்லையா என்று பகல் பன்னிரண்டுக்குள் சொல். ஞாயிறு இரவு வேலைக்குப் போவதென்றால் ஞாயிறு காலை நேரே வீட்டுக்குப் போய்த் தூங்கியாகவேண்டும். ஆட்டம் நடக்கும் தாமான் மண்டபத்துக்கு வரமுடியாது.

காசு ஒரு காரணமில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் காளியப்பன் மாட்டேன் என்று சும்மா சொல்லிப் பழகாதவர். சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். ஞாயிறு காலை ஆட்டம் இருக்கிறது என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே காரணம். கை ஒத்துழைக்காவிட்டால் அந்தக் காரணமும் போய்விடும். அதனால் இன்றைக்குக் கை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஸம்ரிக்குப் பதில் போடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

மண்டபத்துக்கு வெளியே, கூட ஆடுகிற மதிவாணன் காரை அணைக்காமலே காத்திருந்தான். சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். வாரம் முழுக்க விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து எல்லைப் பாலத்தைக் கடக்கிறவன். பின் இருக்கையில் அவன் அம்மா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பசியாறியாச்சா?"

"கேன்டீன்ல ஒரு ரொட்டி தின்னேன். கொண்டு வந்தியா?"

மதிவாணன் ஜன்னல் வழியாக ஒரு மட்டையை நீட்டினான். சிவப்பு. விளிம்பெல்லாம் பளபளவென்றிருந்தது. முகம் மட்டும் மணல்தாள் மாதிரி சொரசொரப்பு.

"டவுன் கடையில ஒரு வாரம் ஆடிப் பார்க்கக் கொடுத்தாங்க. இன்னிக்குக் கடைசி நாள். பன்னிரண்டுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். நான் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு பத்தே முக்காலுக்கு வந்து வாங்கிக்கிறேன். அதுக்குள்ள மூணு கேமாவது ஆடிப் பாத்துருங்க லா."

"யாருகிட்டயும் சொல்லலையே?"

"சொல்லலை. ஆனா எதுக்கு மறைக்கிறீங்க?"

"கை வலின்னு தெரிஞ்சா மெதுவாப் போடுவாங்க. மெதுவாப் போட்டா கை தாங்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மதிவாணன் சிரித்துவிட்டுக் காரைக் கிளப்பினான்.

உள்ளே வசந்தினி அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். நில அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஆட்டத்தைத் தாமானுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான், சட்டம் போட்டவரும் அவர்தான். இரண்டு பூப்பந்துத் திடல்களுக்குள் நீல டேப் ஒட்டி இரண்டு பிக்கல்பால் திடல்களாக்கியிருந்தார்கள். வருகிறவர்களோ முப்பது பேர். முதலில் பெயர் எழுதிவைத்துப் பார்த்தார்கள். அழித்து எழுதுகிறான், முந்தி எழுதுகிறான் என்று சண்டை வந்தது. அப்புறம் லாரி ஓட்டும் சபாபதி பழைய சரக்குப் பலகைகளை அறுத்து ஒரு தாங்கி செய்தான். முப்பது பிளவுகள். வருகிறவர் தன் மட்டையை அடுத்த காலிப் பிளவில் செருகவேண்டும். ஒரு திடல் காலியானால் முதல் நான்கு மட்டைகளை எடுத்து உரியவர்களைக் கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் மட்டை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஒருவர் ஒரு மட்டைதான் வைக்கலாம். இரண்டு வைத்தால் இரண்டு இடம் பிடித்த கணக்கு. அங்கே பெயர் கிடையாது. மட்டைதான் ஆள்.

காளியப்பனின் பழைய மட்டையைத் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. விளிம்பு வெடித்துப்போனதால் தொழிற்சாலையில் ஆபத்தான இடத்தைச் சுற்றி ஒட்டுகிற மஞ்சள் கறுப்பு டேப்பை அதற்குச் சுற்றியிருந்தார். சபாபதி அதற்கு 'டேஞ்சர்' என்று பெயர் வைத்தான். டேஞ்சர் வரிசையில் முதல் நான்குக்குள் வந்ததும் யாராவது ஒருவர் சுவரோரப் பெஞ்சுக்குப் போய்க் காளியப்பனின் காலை ஆட்டுவார்கள். ஏனென்றால் அவர் எப்போதும் அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

பிரேமலாவுக்கு அதுதான் புரியாது. பேரங்காடியில் காசாளராக இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேலை. "தூங்குறதுக்கு வீட்டுல கட்டில் இல்லையா? ஆளுங்க பந்தடிக்கிற இடத்துல போய்ப் படுத்துக்கிட்டு, பார்க்கிறவங்க என்னை என்ன நினைப்பாங்க?" என்பாள். அவரால் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. தொழிற்சாலையில் சத்தம் இருக்கும்வரைக்கும்தான் நிம்மதி. பம்பின் இரைச்சல் நின்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம், ஓடவேண்டும். இருபத்தாறு வருடம் அப்படி இருந்தவனுக்கு ஆளில்லாத வீட்டின் அமைதி ஒரு அலாரம். கண்ணை மூடி அரை மணி நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். மண்டபத்தில் டக், டக் என்று பந்து விழுந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டபடி செத்தவன் மாதிரி தூங்குவார்.

இன்றைக்கும் பழக்கதோஷத்தில் எல்லாம் தானாக நடந்தது. ஆறாவது பிளவில் சிவப்பு மட்டையைச் செருகினார். டேஞ்சரைப் பைக்குள் வைத்து மூடினார். பையைப் பெஞ்சில் போட்டு அதையே தலைக்கு வைத்துக்கொண்டார். முதல் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் தெரியும்.

சத்தம் நின்றபோது விழித்தார்.

ஒரு நொடி தொழிற்சாலையில் இருக்கிறோம் என்று நினைத்துக் கால்களைக் கீழே போட்டுவிட்டார். பிறகுதான் மேலே சுழலும் மின்விசிறியும் நீல டேப்பும் தெரிந்தன. முதல் திடலில் வலையைக் கழற்றியிருந்தார்கள். வாசலில் ஒரு லாரியிலிருந்து வட்ட மேசைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு மண்டபத்தை ஒரு மலாய்க் கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்திரண்டு.

தாங்கியைப் பார்த்தார். இருபத்தொன்பது பிளவுகள் காலி. கடைசிப் பிளவில் மட்டும் அந்தச் சிவப்பு மட்டை நின்றுகொண்டிருந்தது.

"எழும்பியாச்சோ?" வசந்தினி அக்கா வலையைச் சுருட்டியபடி கேட்டார். "நல்ல தூக்கம். இன்னிக்குக் குறட்டைகூட இல்லை."

காளியப்பன் பெஞ்சிலிருந்து எழுந்தார். "என்னை ஏன் யாரும் எழுப்பலை?"

"எதுக்கு எழுப்பணும்?"

"என் டர்ன் வரலையா?"

வசந்தினி அக்கா சுருட்டுவதை நிறுத்தினார். "நீங்க பேடலே வைக்கலையே காளியப்பன். டேஞ்சர் இல்லைன்னதும், சரி, மனுஷன் இன்னிக்குத் தூங்கத்தான் வந்திருக்காருன்னு விட்டுட்டோம்."

காளியப்பன் கடைசிப் பிளவைக் காட்டினார்.

திடலோரத்தில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த சபாபதி நிமிர்ந்தான். சிவப்பு மட்டையைப் பார்த்தான். காளியப்பனைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அலமாக்! அண்ணே, இது உங்களுதா? காலையிலேருந்து இந்தப் பேடல்காரனைத்தான் நான் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

"என்னன்னு திட்டினே?"

"வேணாம்ணே, விடுங்க."

"மூணு தரம் கடைசிக்குப் போட்டாச்சு," என்றார் வசந்தினி அக்கா. குரலில் கொஞ்சம் சங்கடம் இருந்தது, ஆனால் சட்டத்தை விடவில்லை. "ஒவ்வொரு தரமும் மூணு முறை கூப்பிட்டேன். சிவப்புப் பேடல் யாருடையது, சிவப்புப் பேடல் யாருடையதுன்னு. ஒருத்தரும் வரலை. நானும் என்ன செய்ய?"

"எவனோ ஒருத்தன் புதுசா வாங்குன திமிர்ல பேடலை வெச்சிட்டு ரொட்டி சானாய் திங்கப் போய்ட்டான்னு சொன்னேன்," என்று சபாபதி தானாகவே ஒப்புக்கொண்டான். "அதுவும் மெதுவாத்தான்ணே சொன்னேன். நீங்க தூங்குறீங்கன்னு."

காளியப்பனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்காக ஐந்து இரவும் காத்திருந்தார். படுப்பதற்கு முன்னால், அக்கா, இது என்னுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறைத்தது அவர்தான். கோபத்தைப் பிடித்துவைக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார்.

அப்போதுதான் கவனித்தார். எப்போதும் பெஞ்சின் காலடியில் இருக்கும் பந்துக்கூடை மண்டபத்தின் அந்தப் பக்கம் போயிருந்தது. அந்தப் பக்கம் இருந்த நிற்கும் விசிறி இந்தப் பக்கம் வந்திருந்தது. காற்று நேரே அவர்மேல் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பிவைக்கப்பட்டிருந்தது.

"இது யாரு வெச்சது?"

"வேற யாரு," என்றான் சபாபதி. "அக்காதான். ஸ்கோரைக்கூடக் கத்திச் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. எல்லாரும் விரலைக் காட்டித்தான் ஆடினோம். செவிட்டுப் பள்ளிக்கூடம் மாதிரி."

வசந்தினி அக்கா அதைக் கேட்காதவர் மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார். "பதினெட்டு நிமிஷம் இருக்கு. ரெண்டாவது திடலை இன்னும் கழட்டலை. அஞ்சு பாயிண்ட் ஆடலாம். வாங்க."

அதற்குள் மதிவாணனும் வந்துவிட்டான். நடந்ததைச் சபாபதி சொல்லச் சொல்ல அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு காளியப்பன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். காளியப்பனும் வசந்தினி அக்காவும் ஒரு பக்கம், மதிவாணனும் சபாபதியும் எதிர்ப்பக்கம். மேசை இறக்குகிறவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

முதல் சர்வீஸ் காளியப்பனுடையது. கையைக் கீழிருந்து வீசினார். டக் என்று வரவேண்டிய சத்தம் டொப் என்று வந்தது, தலையணையில் தட்டியது போல. பந்து போய் எதிர்மூலையில் விழுந்தது. முழங்கையில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது. ஒன்றுமில்லை. வலையோரம் வந்து மெதுவாகத் தட்டித் தட்டி நான்கு முறை பந்தைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பல்லைக் கடித்துப் பழகியிருந்த மனிதருக்கு, கடிக்கத் தேவையில்லை என்று புரிய நேரம் பிடித்தது. இரண்டு புள்ளிகள் வந்தன. வசந்தினி அக்கா மட்டையால் அவர் மட்டையைத் தட்டினார். ஸம்ரிக்கு என்ன எழுதுவது என்று மனதுக்குள் வார்த்தைகள் சேரத் தொடங்கின.

மூன்றாவது புள்ளிக்குச் சபாபதி பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டான். நல்ல உயரம். கொழுத்த பந்து. காளியப்பன் இரண்டு எட்டு பின்னால் வைத்து, கையை மேலே தூக்கி, முழு பலத்தோடு இறக்கினார்.

புள்ளி கிடைத்தது. கம்பியும் இழுத்தது. முழங்கையில் தொடங்கி, முன்கை வழியாக, சின்ன விரல்வரை. காலையில் பஸ்ஸில் வந்த அதே வலி, அதே வழி. மட்டை நழுவப் பார்த்தது. இடது கையால் பிடித்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். வசந்தினி அக்கா பார்த்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆட்டம் அவ்வளவுதான். ஐந்துக்கு மூன்றில் தோற்றார்கள். கடைசிப் புள்ளியில் காளியப்பன் கையைத் தூக்கவே இல்லை. பந்து தலைக்குமேல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதிவாணன் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான். "எப்படிண்ணே?"

"நல்ல பேடல்."

"கை?"

"கை பழைய கைதான்."

சிவப்பு மட்டையை வியர்வை போகச் சட்டையில் துடைத்து அவனிடம் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். கடைக்கு நேரமாகிவிட்டது. அம்மாவும் காரில் காத்திருந்தார் என்று கிளம்பிப் போனான்.

மண்டபத்துக்குள் இப்போது மேசைகள் உருண்டு வந்தன. மற்ற மூவரும் வெளிப்படிக்கட்டுக்கு வந்து நின்றார்கள். காளியப்பன் டாக்டர் சொன்ன முதல் இரண்டு பேச்சையும் அப்போதுதான் முதன்முறையாக வாய்திறந்து சொன்னார். ஆறு வாரம். ஆட்டத்தை நிறுத்தவேண்டும். ஸம்ரியின் செய்தியையும் சொன்னார். சொல்லி முடித்ததும் களைப்பு இன்னும் அதிகமானது போலிருந்தது.

"அப்போ அடுத்த வாரம் வரமாட்டீங்களா?" என்றான் சபாபதி.

"வந்து என்ன செய்ய? கையே தூக்க முடியலை."

"இன்னிக்கு என்ன செஞ்சீங்க?" என்று வசந்தினி அக்கா கேட்டார்.

காளியப்பனுக்குக் கேள்வி விளங்கவில்லை.

"மூணு மணி நேரத்துல பத்து நிமிஷம் ஆடினீங்க. மத்ததெல்லாம் தூக்கம். போன வாரமும் ஏறக்குறைய அப்படித்தான், அதுக்கு முந்தின வாரமும் அப்படித்தான். அந்தப் பத்து நிமிஷம் போனா என்ன? பெஞ்சை யாரும் புக் பண்ணலை. வந்து படுங்க."

"ஆடாம எப்படிக்கா வர்றது? நல்லாவா இருக்கும்?"

"இன்னிக்கு ஆட வரலைன்னு நினைச்சுத்தானே உங்களை விட்டு வெச்சோம். யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணு மட்டும்ணே," என்றான் சபாபதி. "டேஞ்சரை ரேக்குல வைக்காதீங்க. வெச்சீங்கன்னா பழக்கத்துல எழுப்பி விட்டுருவோம்."

காளியப்பனுக்குச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அவர்கள் இரண்டு பேரும் போனபிறகும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியிருந்தது. தொழிற்சாலைப் பக்கமிருந்து வழக்கமான வாடை காற்றில் வந்தது. வீட்டுக்குப் போனால் ஐந்து நாள் சீருடை துவைக்கவேண்டும். நாளை மறுநாள் மாலை ஆறேகாலுக்கு மறுபடி பஸ் வரும். மறுபடி இருபது வால்வு. இந்தக் கை ஆறு வாரத்தில் சரியாகும் என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குக் கைப்பேசியை எடுத்தார். வலது கை வலித்ததால் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை இரவு வரமுடியாது என்று மலாயில் எழுதி அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. என்ன காரணம் என்று ஸம்ரி கேட்டிருந்தார்.

காளியப்பன் ஒவ்வொரு காரணமாக எண்ணிப் பார்த்தார். ஆட்டம் என்று எழுதினால் பொய். கை என்று எழுதினால் தொழிற்சாலை டாக்டரிடம் அனுப்புவார்கள், அது வேலைக்கே வினையாகலாம். தூக்கம் என்று எழுதினால் சிரிப்பார்கள். மண்டபத்துக்குள் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்த்தார்கள். கொட்டுச் சத்தம் ஒன்று எழும்பி நின்றது.

கடைசியில், ஞாயிறு காலையில் நான் ஒரு இடத்துக்குப் போகவேண்டும் என்று எழுதினார். ஒவ்வொரு வாரமுமா என்று கேட்டார் ஸம்ரி. ஒவ்வொரு வாரமும் என்று எழுதினார். அதற்குமேல் பதில் வரவில்லை.

பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். உள்ளே டேஞ்சரின் விளிம்பு முதுகெலும்பில் இடித்தது. அதை நகர்த்தி வைக்கவும் தெம்பில்லாமல் அப்படியே வீட்டைப் பார்த்து நடந்தார்.